அடுப்பு எனக்கு, புகைபோக்கி அவனுக்கு

அக்டோபர் 4

வக்கீல் சொன்னார் என்பதற்காக இந்த நோட்டை வாங்கினேன். “டீச்சர், உங்க தம்பி வீட்டுல என்னென்ன பண்றாங்களோ எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வையுங்க. நாளைக்கு கேஸ்னு வந்தா கைகொடுக்கும்” என்றார். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள் நான். எழுத்து எனக்கு வராது. ஆனால் திட்டுவது நன்றாக வரும், அதனால் சமாளித்துவிடலாம்.

இன்றைய அக்கிரமம்: என் தம்பி ஜெகதீசனும் அவன் பெண்டாட்டி நிர்மலாவும் ஆரஞ்சுக் கொட்டாயின் நட்டநடுவில் சுவர் எழுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். பெரியண்ணன் கொத்தனார் காலையிலேயே ஹாலோ பிளாக் கல்லை இறக்கிவிட்டார். நாலாவது ஜன்னலின் சரிபாதியில் நூல் பிடித்திருக்கிறார்கள். இனி அந்த ஜன்னலில் பாதி எனக்கு, பாதி அவர்களுக்கு. அரை ஜன்னலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்?

நீதிபதி படிப்பதானால் அவருக்குப் புரியவேண்டுமே. ஏற்காட்டில் எங்கள் பங்களாவுக்குப் பின்னால் நீளமாக ஒரு கட்டடம் இருக்கிறது. காப்பித் தோட்டத்துத் துரை ஒருவன், ஆரஞ்சு மரங்களைத் தொட்டியில் வைத்துக் குளிர் படாமல் வளர்ப்பதற்கென்று கட்டியது. தெற்கே பார்த்து ஏழு ஜன்னல்கள், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம், மேலே வளைவு. வடக்கே ஜன்னலே கிடையாது, ஒரே தடித்த சுவர். ஊரில் அதற்கு ஆரஞ்சுக் கொட்டாய் என்றுதான் பெயர். அப்பா அந்தத் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்குப்பிள்ளையாக இருந்தார். கடைசித் துரை கப்பலேறியபோது பங்களாவையும் கொட்டாயையும் அவர் வாங்கினார். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது. போன மாசம்தான் பாகம் பிரித்தோம்.

எங்கள் வீட்டு வழக்கப்படி மூத்தவர் பங்கு பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிக்கிறவர் ஓரவஞ்சனை செய்யாமலிருக்க அப்படி ஒரு ஏற்பாடு. நான் மூத்தவள், பிரித்தேன். கிழக்கே கிணறு, சமையலறை, ரோட்டுக் கேட்டு. மேற்கே ஒழுகுகிற இரண்டு அறை, மிளகுக் கொடி. கொட்டாயை மட்டும் குறுக்கே வெட்டினேன். முழுசாக அவன் பக்கம் போனால் மறுநாளே ரிசார்ட்டுக்காரனிடம் கொடுத்து ஹோட்டலாக்கிவிடுவான். அரைக் கொட்டாயை எவன் வாங்குவான்?

கிழக்கைத்தான் எடுப்பான் என்று நினைத்து மேற்குக்கு என் மனசைத் தேற்றி வைத்திருந்தேன். அவனோ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “மேற்கு” என்றான். பாகம் பேச வந்திருந்த பெரிய மனுஷர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதில் என்னமோ சூது இருக்கிறது. கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

அக்டோபர் 12

சுவர் தோள் உயரம் வந்துவிட்டது. நடுவில் ஒரு கதவு வைக்கட்டுமா என்று பெரியண்ணன் கேட்டார். “அவங்க மூஞ்சிய பாக்கறதுக்கா? வேணாம்” என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து நிர்மலாவும், “எங்களுக்கும் வேணாம். நிம்மதியா இருப்போம்” என்றாள். அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

கொட்டாயின் படம் வரைந்து வக்கீலுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வரைய வரைய அந்தத் துரையை நினைத்துச் சிரிப்பு வருகிறது. ஆரஞ்சு வெளியிலேயே காடாகக் காய்க்கிற ஊரில் ஆரஞ்சுக்கு வீடு கட்டிய மேதாவி! அவன் ஊரில் பனி கொட்டும், மரம் செத்துவிடும், அதனால் பணக்காரர்கள் இப்படி வீடு கட்டினார்கள். தன் அப்பன் வீட்டில் இருந்ததையே ஒரு கல் மாறாமல் இங்கே கட்டினான்.

அடுப்பு உள்பட. வடக்குச் சுவர் வெறும் சுவரல்ல, உள்ளே குடைவு. கிழக்குக் கோடியில், வெளியே படியிறங்கிப் போகிற குழியில் அடுப்பு. அதில் கட்டையைப் போட்டு எரித்தால் சூடும் புகையும் சுவருக்குள்ளேயே வளைந்து வளைந்து போய் மேற்குக் கோடியில் புகைபோக்கி வழியாக வெளியேறும். சுவரே கணப்பாக இருக்கும். மேற்குக் கோடியில், அறைக்குள்ளே, கரி வாருவதற்கு ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு.

இங்கிலாந்துக் காலண்டர்படி அக்டோபர் பிறந்ததும் துரை அடுப்பை மூட்டச் சொல்வானாம். நம் ஊர் வெயிலும் அடுப்புச் சூடும் சேர்ந்து மரமெல்லாம் இலை உதிர்த்து நின்றதாம். துரையின் விருந்தாளிகள் வருகிற அன்றைக்கு, தோட்டக்காரர்கள் வெளிக்காட்டு ஆரஞ்சைப் பறித்து வந்து அந்தப் பட்ட மரங்களில் நூலால் கட்டித் தொங்கவிடுவார்களாம். அப்பா இதைச் சொல்லும்போது ஜெகா விழுந்து விழுந்து சிரிப்பான்.

படத்தில் இப்போதுதான் கவனித்தேன். பாகத்தில் அடுப்பு என் பக்கம், புகைபோக்கி அவன் பக்கம். தரைக்கு மேலே நூல் பிடித்தோம், சுவருக்குள்ளே யாரும் பிடிக்கவில்லை.

அக்டோபர் 19

சுவர் முடிந்தது. என் பக்கம் பூசாமல் விட்டுவிட்டார்கள். வேண்டுமென்றேதான்.

அக்டோபர் 31

தீபாவளி. அதிரசம் சுட்டேன். தின்ன ஆளில்லை. பெரியண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஜெகா ரோட்டில் என் கேட்டைத் தாண்டித்தான் போனான். தலையைக் குனிந்துகொண்டு போனான். நானும் குனிந்துகொண்டேன். அன்றைக்குப் பேச்சுவார்த்தையில் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, “ஒண்டிக்கட்டைக்கு எதுக்குக்கா இத்தன பெரிய இடம்?” என்று கேட்ட வாய் அது. அம்மா படுக்கையில் விழுந்து எட்டு வருஷம், வந்த வரனையெல்லாம் தள்ளிவிட்டு, பீ மூத்திரம் அள்ளியவள் இந்த ஒண்டிக்கட்டைதான். அப்போது நம்ம தம்பித் துரை சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

நவம்பர் 14

மூன்று நாளாக மழை விடவில்லை. முட்டி வலி உயிரை வாங்குகிறது. அடுப்புக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க இறங்கினேன். அடுப்பின் வாயைத் திறந்தால் உள்ளே யாரோ இருமுகிறார்கள்.

தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் ஞாபகம் வந்தது. இந்தச் சுவருக்குள் சத்தம் அப்படியே வரும். சின்ன வயதில் நான் அடுப்பு வாயில் உட்காருவேன், ஜெகா அந்தக் கோடியில் கரிக்கதவைத் திறந்து தலையை விட்டுக்கொள்வான். “அக்கா, கேக்குதா?” என்பான். நன்றாகக் கேட்கும். நான் “கேக்கல” என்பேன். அவன் இன்னும் கத்துவான். “கேக்கல, கேக்கல” என்று சொல்லி அழவிடுவேன். முகமெல்லாம் கரியோடு ஓடிவந்து அம்மாவிடம் கோள் சொல்வான். மூடத்தனமான விளையாட்டு. இதை எழுத அவசியமில்லை, வக்கீலுக்கு எதற்கு.

இருமினது அவன்தான். இளைப்பு இருமல். சின்ன வயதிலிருந்தே மழைக்காலத்தில் வரும். வரட்டும், பெண்டாட்டி இருக்கிறாள், பார்த்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 23

ரிசார்ட்டுக்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். அரைக் கொட்டாயையே வாடகைக்கு எடுக்கத் தயாராம். அட என் புத்தியே! அரை ஜன்னல்கூட அழகுதானாம்.

அவர்கள் வருவதற்கு முன்னால் நிர்மலா என்ன செய்தாள் தெரியுமா? தொட்டிச் செடிகளில் பிளாஸ்டிக் ஆரஞ்சுப் பழங்களைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டாள். என் பாதி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் ஜெகாவும் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டிசம்பர் 5

அவர்கள் பக்கத்துப் புகைபோக்கி வழியாக மழைத்தண்ணீர் இறங்குகிறதாம். பெரியண்ணன் ஏணி போட்டு ஏறி அதன் வாயில் தகரம் வைத்து ஆணியடித்து மூடினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்பு என்னுடையது, அதன் புகைபோக்கியை மூட இவர்கள் யார்? வக்கீல் கவனத்துக்கு.

டிசம்பர் 12

அவர்கள் வீட்டு ஓட்டில் விரிசல் விட்டு, படுக்கையறை முழுக்கத் தண்ணீராம். பெரியண்ணன் சொன்னார். கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் கொட்டாயில் போட்டிருக்கிறார்கள். என் பாதி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர்கள் பாதிக் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிவைத்துப் பார்த்தால் கட்டில்கால் ஒன்றும் கம்பளியின் ஓரமும் தெரிகிறது.

மேற்கை யார் எடுக்கச் சொன்னது? அனுபவிக்கட்டும்.

டிசம்பர் 17

நாளைக்குக் காலையில் ரிசார்ட்டுக்காரர்கள் ஒப்பந்தம் போட வருகிறார்களாம். நிர்மலா எனக்குக் கேட்கவேண்டுமென்றே ரோட்டில் என் கேட்டருகே நின்று போனில் சத்தமாகப் பேசினாள். கொட்டாய்க்குப் புதுசாக வெள்ளையடித்திருக்கிறாள்.

நல்ல குளிர். முட்டி விறைத்துவிட்டது. இது என் அடுப்பு, என் விறகு. சில்வர் ஓக் கிளைகள் ஈரமாகத்தான் இருந்தன. மதியச் சாப்பாடு முடிந்து மூட்டினேன். முதலில் புகையெல்லாம் என் முகத்திலேயே திரும்பி அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து, எங்கேயோ வழி கிடைத்தமாதிரி உள்ளே இழுத்துக்கொண்டது. எங்கே போனால் எனக்கென்ன. வெள்ளையடித்த சுவர் கறுத்தால் ரிசார்ட்டுக்காரன் வந்த வழியே போவான்.

நன்றாக எரிகிறது.

டிசம்பர் 18

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 19

நேற்று முன்தினம் எழுதி முடித்து நோட்டை மூடியதும் நிர்மலாவின் அலறல் கேட்டது. கடைவீதியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருக்கிறாள். “ஐயோ, யாராவது வாங்களேன்” என்று கத்தினாள். நான் ஓடினேன். எங்கே ஓடுவது? நடுவில் கதவு இல்லை. கதவு வேண்டாமென்றது நான்தான். கேட்டைத் தாண்டி, ரோட்டில் இறங்கி, மிளகுத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவர்கள் பக்கம் போவதற்குள் முட்டி இரண்டு தடவை மடங்கி விழுந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவனைக் காரில் ஏற்றிவிட்டார்கள். கார் வளைவில் திரும்புவதுதான் தெரிந்தது.

கொட்டாய்க்குள் போனேன். புகை இன்னும் முட்டிக்கொண்டு நின்றது. கரிக்கதவு கீல் உடைந்து ஒருக்களித்துத் தொங்கியது. அதை ஒட்டித்தான் கட்டில். தலைமாடு அந்தப் பக்கம்.

காய்ச்சலில் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தானாம். மூச்சே இல்லாமல் கிடந்தானாம். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இதெல்லாம் பெரியண்ணன் சொன்னது. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “என்னய்யா பாக்கற? போ” என்றேன்.

பயமாக இருக்கிறது. இப்படி ஒரு பயம் எனக்கு அம்மா செத்தபோதுகூட வந்ததில்லை.

டிசம்பர் 22

சேலம் போனேன். பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது.

உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூக்கிலும் வாயிலும் குழாய். நெஞ்சு மட்டும் மெஷின் போக்கில் ஏறி இறங்கியது. நரைத்த மீசை. எப்போது இவ்வளவு நரைத்தது என்று தெரியவில்லை, எதிரே வரும்போதெல்லாம் நான்தான் தலையைக் குனிந்துகொண்டேனே.

நிர்மலா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போனதும் எழுந்து நின்றாள். மரியாதைக்கு எழவில்லை.

“தகரம் அடிச்சது உங்களுக்குத் தெரியாதா அண்ணி?” என்றாள்.

“தெரியாது.”

“அவரு அங்கதான் படுத்திருக்காருன்னு தெரியாதா?”

“நான் எங்க உங்க பக்கம் பாக்கறேன்? தெரியாது.”

“அந்த ஒழுகற வீட்ட எதுக்குங்க எடுத்தீங்கன்னு நான் தலையால அடிச்சிக்கிட்டேன். கெணறு போச்சு, அடுப்படி போச்சு. ‘சின்ன வயசுலேருந்தே என் பக்கம் அதுதான் நிர்மலா, அந்தக் கரிக்கதவு என்னோடது’ன்னு சிரிச்சாரு. கட்டிலக்கூட அதுகிட்டதான் போடணும்னாரு. இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல. உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியாது” என்றேன்.

“எதுவுமே தெரியாது உங்களுக்கு. போங்க, போயிடுங்க இங்கேருந்து. அவருக்கு எதாவது ஆச்சுன்னா உங்கள சும்மா விடமாட்டேன்” என்று கத்தினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டில் டிசம்பர் ஐந்தையும் பன்னிரண்டையும் எடுத்துப் படித்தேன். என் கையெழுத்துதான்.

டிசம்பர் 27

குழாயை எடுத்துவிட்டார்களாம். தானாக மூச்சு விடுகிறானாம். பெரியண்ணனுக்கு வயிறு நிறையச் சோறு போட்டேன். எதற்கென்று அவரும் கேட்கவில்லை.

ஜனவரி 3

வக்கீல் போன் செய்தார். நிர்மலா போலீசில் எழுதிக் கொடுத்தாலும் கொடுப்பாளாம். “நோட்டு எழுதிட்டு வர்றீங்கல்ல டீச்சர், எடுத்துட்டு வாங்க, நம்ம பக்கம் என்ன இருக்குன்னு பாப்போம்” என்றார். நம்ம பக்கம்! எலி கடித்துவிட்டது என்றேன். பொய்தான். கிழித்துப் போடலாம் என்று அடுப்புக் குழிவரை போனேன். போட்டு எரித்தால் அந்தப் புகையும் அந்தப் பக்கம்தானே போகும்.

ஜனவரி 9

ஜெகா வீடு வந்துவிட்டான். என் கேட்டைத் தாண்டித்தான் போனது கார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

மத்தியானமே பெரியண்ணன் சிமெண்ட் மூட்டையோடு அந்தப் பக்கம் போனார். கரிக்கதவைக் கழற்றி எறிந்துவிட்டுச் செங்கல் வைத்து அடைக்கிறார்களாம். நிர்மலாவின் ஏற்பாடு. நியாயம்தான். அவள் இடத்தில் நான் இருந்தால் சுவரையே இடித்திருப்பேன், கூடவே என் மண்டையையும்.

ஜனவரி 13

அடுப்பு வாயில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இருமல் இல்லை, கட்டில் சத்தம் இல்லை, நிர்மலாவின் திட்டுகூட இல்லை. இருக்கிறானா, தூங்குகிறானா, மறுபடி மூச்சு முட்டுகிறதா, எதுவும் தெரியவில்லை. அந்த இருமலை எத்தனை நாள் சபித்திருக்கிறேன். இப்போது ஒரே ஒரு இருமல் கேட்டால் போதும்.

ஜனவரி 15

பொங்கல். மாட்டுப் பொங்கலா, பெரும்பொங்கலா, எதுவோ ஒன்று. வைக்கவில்லை.

ஜனவரி 21

குழியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்குள் ஏதோ சுரண்டுகிற சத்தம். எலி என்று நினைத்தேன். கல்லோடு இரும்பு உரசுகிற சத்தம், நின்று நின்று வந்தது. பிறகு பொத்தென்று என்னவோ விழுந்தது. பிறகு, மெதுவாக, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறமாதிரி:

“அக்கா… கேக்குதா?”

துடைப்பத்தைப் போட்டுவிட்டு மேலே ஏறி வந்துவிட்டேன். என்ன ஜென்மம் நான்.

ஜனவரி 22

இன்றும் அதே நேரத்துக்குக் குழிக்குள் உட்கார்ந்திருந்தேன். சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

“அக்கா, அங்க இருக்கேன்னு தெரியும். துடப்பம் விழுந்த சத்தம் நேத்தே கேட்டுச்சு” என்றான். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினான். “ஒரு செங்கல்ல பேத்துட்டேன். நிர்மலாவுக்குத் தெரியாது. தகரத்த எடுத்தாச்சு, பெரியண்ணன் காலைல எடுத்துட்டாரு. இந்தச் சுவரு சில்லுன்னு கெடக்கு. குளிரு தாங்கல. அடுப்ப மூட்டு.”

என் கையில் தீப்பெட்டி இருந்தது. குச்சியைக் கிழிக்க முடியவில்லை.

மேலே ஏறினேன். கேட்டைத் தாண்டி, ரோட்டில் இறங்கி, மிளகுத் தோட்டத்தைச் சுற்றி அவர்கள் பக்கம் போனேன். நிர்மலா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு வந்தீங்க?”

“மேல பாக்கணும்.”

“என்னத்த?”

“புகைபோக்கிய.”

கையிலிருந்த ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள். “அவரு மன்னிச்சாலும் நான் மன்னிக்கமாட்டேன் அண்ணி. தெரிஞ்சுக்கங்க.”

“மன்னிக்காத” என்றேன். “தெரிஞ்சுதான் மூட்டினேன். தகரமும் தெரியும், கட்டிலும் தெரியும்.”

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவளுக்கு உதடு கோணியது. துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணாந்து பார்த்தேன். புகைபோக்கியின் வாய் திறந்திருந்தது. பார்த்தது மட்டும் போதவில்லை. அவர்களுடைய ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. இந்த முட்டியோடு ஏறி, உள்ளே கையைவிட்டுத் துழாவினேன். கரியும் ஒரு பழைய குருவிக்கூடும் இருந்தன. கூட்டை எடுத்துக் கீழே போட்டேன். இறங்கித் திரும்பி வரும்போது தெற்கு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான், கம்பளியைப் போர்த்திக்கொண்டு. காதருகே செங்கல் பேர்ந்த ஓட்டை. நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது.

திரும்பி வந்து, முந்தானை நூல் ஒன்றை உருவி அடுப்பு வாயில் பிடித்துப் பார்த்தேன், காற்று எந்தப் பக்கம் இழுக்கிறதென்று. மேற்கேதான் இழுத்தது. காய்ந்த விறகாகப் பொறுக்கி, இரண்டே இரண்டு கட்டை வைத்து மூட்டினேன். படியேறி நின்று மேற்கே பார்த்தேன். புகைபோக்கி மேல் புகை வந்தது, மிளகுத் தோட்டத்துப் பக்கம் கலைந்து போனது. மறுபடி இறங்கி இன்னும் ஒரு கட்டை வைத்தேன். சுவரில் கையை வைத்தால் மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது.

“சூடு வருதுக்கா, ஓட்டைல புகை வரல” என்றது சுவர். கொஞ்சம் இருமினான். இருமல் நிற்கிறவரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்டிக்கட்டைன்னு சொன்னது தப்புதான்” என்றான். “அக்கா, கேக்குதா?”

அடுப்பு வாயருகே தலையைக் குனிந்தேன். கண்ணெல்லாம் எரிந்தது, புகைதான் காரணம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

“கேக்கல” என்றேன்.